1,500 வாட் கெட்டிலை 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் சொருகலாமா? பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

திருவனந்தபுரம் வலியசாலையில், காந்தளூர் மகாதேவர் கோவிலை ஒட்டிய தமிழ் அக்ரஹாரத்தில், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டை நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் வாங்கிய கெட்டிலின் அடியில் '230 வோல்ட், 1,500 வாட்' என்று போட்டிருக்கிறது. சமையலறைச் சுவரில் இருப்பதோ சின்ன பின் சொருகும் 6 ஆம்பியர் பாயிண்ட். கடையில் கன்வெர்ஷன் பிளக் கிடைக்கிறது. சொருகிவிடலாமா?

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929-ல். அந்தக் காலத்து வீடுகளில் ஒயர் இழுத்தது பல்புக்கும், பிறகு ஃபேனுக்கும்தான். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. அதனால் பழைய வீட்டுக்குப் போகிறவர்கள், பள்ளியில் படித்த இரண்டு சூத்திரங்களைத் தூசி தட்டி எடுப்பது நல்லது.

எந்த இரண்டு சூத்திரங்கள்?

முதலாவது, ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்டது.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

இரண்டாவது, மின்திறன் கணக்கு.

திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

கெட்டிலுக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். அதன் ஹீட்டர் கம்பியின் மின்தடை, 230-ஐ 6.5-ஆல் வகுத்தால், சுமார் 35 ஓம்.

இதையே திருப்பிப் போட்டால் பிளக் பாயிண்டின் எல்லை தெரிந்துவிடும். 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது 6 × 230 = 1,380 வாட். 16 ஆம்பியர் பாயிண்ட் என்றால் 3,680 வாட். ஆக, 1,500 வாட் கெட்டில் 6 ஆம்பியர் பாயிண்டுக்கு ஆகாது. கன்வெர்ஷன் பிளக் பின்னின் அளவைத்தான் மாற்றும். சுவருக்குள் ஓடும் ஒயரின் தடிமனை மாற்றாது.

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலோடு 1,000 வாட் அயர்ன் பாக்ஸையும் சொருகினால்? 6.5-உம் 4.3-உம் சேர்ந்து கிட்டத்தட்ட 11 ஆம்பியர். பாக்ஸ் தாங்குவது 6 ஆம்பியர் என்றால், ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை.

'அரை ஆம்பியர்தானே அதிகம், என்ன ஆகிடப் போகுது?'

இப்படித்தான் பலரும் நினைக்கிறோம். பிளக்கும் பாயிண்டும் புதிதாக, இறுக்கமாக இருந்தால் உடனே ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் பழைய பாயிண்டில் பிடிப்பு தளர்ந்திருக்கும், ஸ்க்ரூ லூசாகியிருக்கும், உப்புக் காற்றில் பித்தளை கறுத்திருக்கும். அந்த இடத்தில் வெறும் அரை ஓம் மின்தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

அங்கே உண்டாகும் சூட்டைக் கணக்கிட மேலே உள்ள இரண்டு சூத்திரங்களையும் இணைக்க வேண்டும். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மின்தடையால் பெருக்கினால் வாட் வரும். 6.4 × 6.4 × 0.5 = சுமார் 20 வாட். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதே சூடு, உங்கள் சுவரில் உள்ள பிளாஸ்டிக் பாயிண்டுக்குள்.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதையும் கவனியுங்கள். லூசான அதே பாயிண்டில் செல்போன் சார்ஜர் பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். கெட்டிலுக்கு அந்தக் கதை பொருந்தாது.

எம்சிபி காப்பாற்றாதா?

இந்த விஷயத்தில் காப்பாற்றாது. எம்சிபி விழுவது மின்னோட்டம் எல்லை மீறினால். இங்கே 35 ஓமோடு கூடுதலாக அரை ஓம் சேர்வதால் மின்னோட்டம் கூடுவதில்லை, 6.5-லிருந்து 6.4-ஆகக் குறையத்தான் செய்கிறது. எம்சிபியைப் பொறுத்தவரை எல்லாம் நார்மல். ஆர்சிசிபியும் விழாது, அது பார்ப்பது மின்கசிவை, சூட்டை அல்ல. பழைய ஃபியூஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், ஓவர்லோடுக்கான பாதுகாப்பும் இல்லாமல் போகிறது.

வோல்டேஜ் குறைந்தால்?

கெட்டிலின் மின்தடை மாறாது. 200 வோல்ட்தான் வருகிறது என்றால், 200 × 200 ÷ 35 = சுமார் 1,140 வாட். தண்ணீர் கொதிக்கத் தாமதமாகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் ஏசி அப்படி இல்லை. அறையைக் குளிர்விக்கத் தேவையான திறனை அது எப்படியும் இழுக்கும். 1,500 வாட் தேவைப்பட்டால் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர், 200 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். ஒயருக்குச் சுமை கூடும்.

கரண்ட் பில்லில் தெரியுமா?

தெரியாது. 1,500 வாட் கெட்டில் தினமும் 6 நிமிஷம் ஓடினால் 0.15 யூனிட், இரண்டு மாத பில்லில் 9 யூனிட். 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் 60 யூனிட். பில்லில் கெட்டில் சின்ன ஆள். ஆனால் ஓடும் அந்த 6 நிமிஷமும் ஒயரில் போவது 6.5 ஆம்பியர்.

என்ன செய்யலாம்?

வாங்கும் முன் வாட்டை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். 6-ஐத் தாண்டினால் 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். அதற்கேற்ற தடிமனில் தனி ஒயர் இழுத்துத் தரும்படி வீட்டு ஓனரிடம் கேளுங்கள். பயன்படுத்தி முடித்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுடுகிறதா, பழுப்பேறியிருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா? அந்தப் பாயிண்டை அதன்பிறகு பயன்படுத்தாதீர்கள். நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவர் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது.