சில்லு போகும் வழி

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் முன்போல் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தால், தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலை கோத்தாற்போல் தொங்குவதைக் காணலாம். அதற்கு ஜக்கார்டு என்று பெயர். அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்துப் பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. மாங்காயும் மயிலும் அன்னமும் புடவைக் கரையில் வந்து உட்காருவது இந்த 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே வார்த்தைகளினால்தான்.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் இந்த யந்திரத்தை உண்டாக்கினார். பின்னால் கணக்குப் போடும் யந்திரம் செய்யப் புறப்பட்ட ஆங்கிலேயர் பாபேஜ் அந்த அட்டையையே கடன் வாங்கிக்கொண்டார். அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைதான் 'சிப்' என்று எல்லோரும் சொல்லும் சிலிக்கன் சில்லு. இப்போது சில தறிகளில் அட்டை போய், சில்லு வைத்த பெட்டியே வந்துவிட்டது. பேரன் பாட்டன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான்!

இந்தப் பேரனுடைய சுபாவம் விசித்திரமானது. மயிலைப் பொறிக்கச் சொன்னாலும் செய்வான். ஆளில்லா விமானத்தை இருட்டிலே நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோய் ஒருவர் வீட்டுக் கூரைமேல் போடச் சொன்னாலும் செய்வான். 2022 முதல் உக்ரேன் நகரங்களின் மேல் ஈரானியர் வகுத்த 'ஷாஹெத்' விமானங்கள் அப்படித்தான் விழுந்தன. உடைசல்களைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்தவர்கள், அவற்றுள் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியக் கம்பெனிகளின் சில்லுகளைக் கண்டார்கள். இவற்றை யுத்த காரியத்துக்காக ஈரானுக்கோ ரஷ்யாவுக்கோ விற்கலாகாதென்று அந்தத் தேசத்து ஸர்க்கார்களே தடை விதித்திருந்தன.

பின் எப்படிப் போயின? நேர் வழியாகப் போகவில்லை. ஓர் ஊர்க் கம்பெனி வாங்கி அடுத்த ஊர்க் கம்பெனிக்கு விற்கிறது. அது மூன்றாவது ஊருக்கு அனுப்புகிறது. கப்பல் தஸ்தாவேஜில் வேறு ஏதோ உபயோகம் எழுதியிருக்கும். உள்ளங்கையில் நூறு அடங்கும் சாமானைக் கடத்த, கள்ளத் தோணி எதற்கு? ஒரு பொய்க் கையெழுத்துப் போதுமே!

இதைக் கேட்டு நாம் மூக்கின்மேல் விரலை வைக்கவேண்டியதில்லை. இதே வித்தை நமக்காகவும் நடந்ததுண்டு. 1998-ல் பொக்ரானில் அணுகுண்டுப் பரீக்ஷை நடந்ததும், அமெரிக்கா நம்முடைய விஞ்ஞான ஸ்தாபனங்கள் பலவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அக்காலத்தில் ஸிங்கப்பூர், பெங்களூர், அமெரிக்காவின் தென் கரோலினா ஆகிய மூன்று இடங்களிலும் ஆபீஸ் வைத்திருந்த ஸிர்ரஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி, அமெரிக்கச் சில்லுகளை வாங்கி, ஸிங்கப்பூர் வழியாக இந்தியாவுக்கு அனுப்பியது. சில திருவனந்தபுரம் விக்ரம் ஸாராபாய் நிலையத்துக்கும், சில ஹைதராபாத் பாரத் டைனமிக்ஸுக்கும் போயின. இன்னும் சில, 'தேஜஸ்' போர் விமானத்துக்காகப் பெங்களூர் ஆராய்ச்சிச் சாலை ஒன்றுக்குப் போயின. 'லக்ஷ்யா', 'நிஷாந்த்' என்ற ஆளில்லா விமானங்களைச் செய்ததும் அதே சாலைதான். யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்பதற்குப் பொய் அத்தாட்சி கொடுக்கப்பட்டதென்று வழக்கு வந்தது. கம்பெனியின் தலைவர் 2007-ல் கைதானார். மறு வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 35 மாதத் தண்டனை பெற்றார்.

இதைப் படிக்கும்போது நம் மனசு இரண்டுபடுகிறது. ராக்கெட்டுக்கு வேண்டிய சாமானை நியாயமாகக் கேட்டும் கொடுக்க மறுத்தார்களே, கொண்டுவந்தவர் செய்தது அவ்வளவு பாவமா என்று தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் டெஹரானில் ஒரு குடும்பம் மாலைக் காப்பி குடித்துக்கொண்டே இதே கேள்வியைத் தன் தேசத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்குமே! அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றே ஒன்று: நம் ஸ்தாபனங்கள் பின்னால் வாசல் வழியாகவே உள்ளே போயின. 2011 ஜனவரியில் அமெரிக்கா அவற்றில் சிலவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2016-ல் ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017-ல் வாஸெனார் உடன்பாட்டிலும் இந்தியா அங்கத்தினராயிற்று. நேற்றுவரை வாசலில் நிறுத்தப்பட்டவரே இன்று வாசற்காவலரில் ஒருவர்.

காவலுக்கு நின்றவுடன் பொறுப்பும் வந்துவிட்டது. 2024 அக்டோபர் கடைசியில், ரஷ்யாவுக்குச் சாமான் அனுப்பியதாக ஒரு டஜனுக்கு மேற்பட்ட இந்தியக் கம்பெனிகளின்மேல் அமெரிக்கா தடை விதித்தது. நுண்ணிய மின்னணுச் சாமான்களும் அவற்றில் அடக்கம். இந்தியச் சட்டம் எதையும் அவை மீறியதாகத் தெரியவில்லை என்று டில்லி வெளிநாட்டு இலாகா பதில் சொன்னது. ஏற்றுமதி விதிகளைக் கம்பெனிகளுக்கு எடுத்துச் சொல்ல முயற்சி நடக்கிறதென்றும் கூடவே சொன்னது. இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

ஏனெனில் விஷயம் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. காஞ்சீபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அதைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள். அருகே வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் பொது நிலையம் ஒன்று அமைப்பதென்று 2023-ல் ஏற்பாடாயிற்று. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறியை விட்டு இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவன் நாளைக்குச் சொந்தமாக ஒரு சிறு ஏற்றுமதிக் கம்பெனி வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஊரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. விலை பேசவில்லை, முழுப் பணமும் முன்னாலேயே. என்ன உபயோகம் என்று கேட்டால், "பொது உபயோகம்." சரக்கு இறங்கும் இடமோ மூன்றாவது தேசம்.

புடவை வியாபாரத்தில் இப்படி ஒரு கிராக்கி வந்தால் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளலாம். சில்லில் அப்படியல்ல. 'ஸ்கோமெட்' என்ற பட்டியலில் கண்ட சாமானாயிருந்தால் வெளிநாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரலின் லைஸென்ஸ் வேண்டும். பட்டியலில் இல்லாததாயிருந்தாலும், அது நாசகார ஆயுதங்களுக்குப் போகிறதென்று தெரிந்தால் அனுப்பக்கூடாதென்கிறது 2005-ம் வருஷத்துச் சட்டம். சாதாரண உபயோகத்துக்கான சிறு ட்ரோன்களுக்கு மட்டும் 2023 ஜூனில் விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள். 25 கிலோமீட்டருக்கு மேல் பறக்காமலும், 25 கிலோவுக்கு மேல் சுமக்காமலும் இருக்கவேண்டும்.

லைஸென்ஸ் மனுவோடு, கடைசியாக உபயோகிப்பவர் யார் என்று காட்டும் அத்தாட்சியும் வைக்க வேண்டும். அதில் கையெழுத்திடுகிறவர் கடல் கடந்து எங்கோ இருக்கிறார். அவர் எழுதியது மெய்யா என்று விசாரித்துப் பார்க்கவேண்டியவன் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் நம் பிள்ளை.