ரேமில் எந்தக் கோப்பு தங்க வேண்டும்?

ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். யுரேனஸின் வளையங்கள் பிடிபட்ட 1977 மார்ச் 10 இரவில் இதன் ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது.

வானாய்வகங்களில் இன்று நட்சத்திர ஒளி கோப்பாகத்தான் வந்து சேர்கிறது. 2048×2048 புள்ளிகள் கொண்ட கேமராவில், புள்ளிக்கு 2 பைட் வீதம், ஒரு படம் 8 எம்பி. ஒவ்வொரு படத்திலிருந்தும் கேமராவின் அடிப்படை அளவான 'பயாஸ்' படத்தைக் கழித்து, சீரான ஒளியில் எடுத்த 'பிளாட்' படத்தால் வகுக்க வேண்டும். நட்சத்திரப் படம் ஒருமுறை படிக்கப்படும். பயாஸும் பிளாட்டும் இரவு முழுக்கத் தேவைப்படும்.

ஹார்டு டிஸ்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். ரேமில் அதற்கு ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அதனால் இயங்குதளம், படித்த கோப்புகளைக் காலியாக உள்ள ரேமில் வைத்துக்கொள்கிறது. இதுதான் கேஷ். முழுக் கோப்பாக அல்ல, பெரும்பாலும் 4 கேபி பக்கங்களாக. நம் 8 எம்பி படம் 2048 பக்கங்கள்.

இடம் தீர்ந்தால் எதை வெளியேற்றுவது? மிகத் தாமதமாகத் திரும்பத் தேவைப்படுவதையே வெளியேற்ற வேண்டும் என்று 1966-ல் கணினி ஆய்வாளர் பெலாடி காட்டினார். எதிர்காலம் தெரியாததால், நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்றுவது எளிய வழி. ஆனால் மேகம் மூடி வேலை ஒரு மணி நேரம் நிற்கிறது, அந்த நேரத்தில் பழைய தரவுகளின் நகலெடுப்பு ஓடுகிறது என்று வையுங்கள். இனி யாரும் தொடாத பல ஜிபி தரவு ரேமை நிரப்ப, பிளாட் படம் வெளியே போய்விடும்.

லினக்ஸ் இயங்குதளம் இதைத் தடுக்க இரண்டு பட்டியல்கள் வைத்தது. புதிதாக வரும் பக்கம் முதலில் தற்காலிகப் பட்டியலில் நிற்கும், மறுபடி தொடப்பட்டால்தான் நிலையான பட்டியலுக்குப் போகும். 2014-ல் இன்னொரு நல்ல யோசனை சேர்ந்தது: வெளியேற்றிய பக்கத்தின் சுவடு வைக்கப்படும். அந்தப் பக்கம் சீக்கிரமே திரும்பி வந்தால் நேராக நிலையான பட்டியலில் சேரும்.

இருந்தும், எந்தக் கோப்பு முக்கியம் என்பது நிரலை எழுதியவருக்குத்தான் தெரியும். படித்து முடித்த பக்கம் இனி வேண்டாம் என்று சொல்ல 'பாசிக்ஸ் எஃப்அட்வைஸ்' என்ற அழைப்பு இருக்கிறது. நகலெடுக்கும் நிரலில் அதைச் சேர்ப்பதே சரி. மணிக்கொருமுறை கேஷ் முழுவதையும் துடைக்கும் பழக்கம் தவறு. பிளாட்டும் அதோடு போய்விடும்.

உங்கள் லினக்ஸ் கணினியில் ரேம் நிறைந்ததாகத் தெரிந்தால் பதறாதீர்கள். 'ஃப்ரீ' கட்டளையில் 'அவைலபிள்' என்ற எண்ணைப் பாருங்கள். அது போதுமான அளவு இருந்தால் கேஷை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.