முன்தேதியிட்ட காப்பீடு

அமெரிக்காவில் பணியாற்றிவந்த என் அண்ணன், 67 வயதில் அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். சில வாரங்களில், ஊதியத்திலிருந்து முறையாகச் சேமித்த பணத்துக்கே தண்டவரி செலுத்த நேரிடும் எனக் கணக்காளர் எச்சரித்தார்.

அங்கே, சிகிச்சைச் செலவில் முதற்பகுதியாகக் கணிசமான தொகையைத் தாமே ஏற்கும் வகைக் காப்பீட்டில் உள்ள ஊழியர்கள், வருமான வரியின்றி மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்தலாம்; நிறுவனமும் பங்களிக்கலாம். மெடிகேரின் எந்தப் பகுதியில் சேர்ந்தாலும் அம்மாதம் முதல் இவ்வுரிமை நின்றுவிடும்.

சிக்கல் தேதியில்தான் இருக்கிறது. 65 வயதைக் கடந்து விண்ணப்பிப்போருக்கு, மருத்துவமனைச் செலவை ஏற்கும் கட்டணமில்லா 'ஏ' பகுதி ஆறு மாதங்கள் வரை முன்தேதியிட்டு நடைமுறைக்கு வருகிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் கோரினாலும் அப்படியே. விடுபட்ட மாதங்களிலும் பாதுகாப்பளிக்கும் இந்த ஏற்பாடு, அம்மாதங்களில் சேமித்ததை மிகைத்தொகையாக்கிவிடுகிறது. அதைத் திரும்பப் பெறாவிட்டால் ஆண்டுதோறும் 6 சதவீத வரி.

வரிக்கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள், மிகைத்தொகையை அது ஈட்டிய வருவாயுடன் எடுத்து அண்ணன் தப்பினார். முன்பே முறைப்படி சேர்ந்த பணத்துக்கு ஆபத்தில்லை. மருத்துவச் செலவுக்கும் மெடிகேர் பிரீமியத்துக்கும் வரியின்றிப் பயன்படுத்தலாம்.

ஒரு நலத்திட்டம் மற்றொன்றின் கதவை ஓசையின்றி மூடுவது பொருளியலில் புதிதல்ல. 65 வயதுக்குப் பிறகும் அங்கே பணியில் தொடரும் நம் உறவினர்கள், விண்ணப்பிக்க ஆறு மாதங்களுக்கு முன்பே சேமிப்பை நிறுத்திவிடுவது நலம்.