ரத்தம் ஏற்றத் தயங்கும் டாக்டர்

“ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடுங்கள் டாக்டர், தெம்பு வந்துவிடும்!”

மும்பை ஆஸ்பத்திரி வார்டுகளில் நம்மவர்கள் டாக்டரிடம் மன்றாடுவதைக் கேட்கலாம். (பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பை வந்து வெகுகாலமாயிற்று, பேச்சில் இன்னும் பாட்டில்தான்.) டாக்டர் தயங்கினால் வீட்டாருக்குச் சந்தேகம். ‘நம்மிடம் காசில்லை என்று அலட்சியமா?’

அலட்சியம் அல்ல. 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். 1942-ல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் ஆபரேஷன் நோயாளிகளை மனத்தில் கொண்டு சொன்ன யோசனை அது. சோதித்துக் கண்ட முடிவல்ல. ஆனாலும் உலகெங்கும் சட்டம்போல் நிலைத்துவிட்டது.

கனடா டாக்டர்கள் இதைச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டனர். தீவிர சிகிச்சையில் இருந்த 838 பேரில் ஒரு பிரிவினருக்கு 10-க்குக் குறைந்ததும், மற்றவர்களுக்கு 7-க்குக் குறைந்த பிறகும் ரத்தம் ஏற்றினார்கள். 30 நாள் கணக்கில் பெரிய வேறுபாடில்லை. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்களோ, தாராளமாக ரத்தம் பெற்றவர்களில் 100-க்கு 28 பேர். சிக்கனமாகப் பெற்றவர்களில் 22 பேர்!

காரணம் என்ன? ரத்தமும் ஒரு மருந்துதான். அதற்கும் பக்கவிளைவு உண்டு. முதியவர்களுக்கு இதயச் சுமை கூடி மூச்சுத் திணறலாம். காய்ச்சல், ஒவ்வாமை வரலாம். அவசரத்தில் பிரிவு மாறினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு பரிசோதித்தாலும் தொற்று அபாயம் அறவே நீங்குவதில்லை.

ஆகவே, நிலைமை சீராக உள்ள நோயாளிக்கு ஒரு பாட்டில் ஏற்றி, சோதித்த பிறகே அடுத்ததைப் பற்றி யோசிக்கிறார்கள். ஒரு பாட்டில் ஹீமோகுளோபினைச் சுமார் 1 கிராம் உயர்த்தும். இரும்புச்சத்துக் குறைவால் சோகை என்றால், அவகாசமிருக்கும்போது மாத்திரையோ நரம்பு வழி இரும்பு மருந்தோ போதும்.

ஆனால் விபத்திலும் பிரசவத்திலும் ரத்தம் கொட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. இதய நோயாளிகளுக்கு 7 வரை காத்திருப்பதில்லை. தலசீமியாக் குழந்தைகள் உயிர் வாழ்வதே முறையாக ஏற்றும் ரத்தத்தால்தான்.

இதே மும்பையில் 1952-ல் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த ‘பாம்பே’ பிரிவினருக்கு ‘ஓ’ ரத்தம்கூடச் சேராது. அதே பிரிவைச் சேர்ந்தவரைத்தான் தேட வேண்டும். அத்தகைய நோயாளிக்கு ஒவ்வொரு பாட்டிலையும் டாக்டர்கள் எண்ணித்தான் ஏற்றுகிறார்கள்.