தண்ணீரைத் தடிப்பாக்கி எண்ணெய் எடுப்பது

ஹட்டன் பாதையில் கொழுந்து ஏற்றும் லொறிகூடக் கடல் கடந்து வந்த எண்ணெயில்தான் ஓடுகிறது. அந்த எண்ணெய் நிலத்தடியில் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறையின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீரைச் செலுத்தித் தள்ளினாலும் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடுவது வழக்கம். காரணம், எண்ணெயைவிட இளகலான தண்ணீர் இலகுவான வழி பார்த்து முந்திக்கொண்டு ஓடிவிடும். ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், 2004இல் கண்டறியப்பட்ட மங்களா எண்ணெய் வயலில் இதற்குக் கண்ட வழி, தண்ணீரையே தடிப்பாக்குவது. லீற்றருக்கு ஓரிரு கிராம் பொலிஅக்ரைலமைட் என்ற பொலிமர் தூள் போதும். நீர் வடித்த கஞ்சிபோல் கெட்டியாகி, எண்ணெயைச் சீராக முன்தள்ளும்.

கெட்டியான நீரைப் பாறைக்குள் செலுத்துவதே பாடல்லவா என்று கேட்கலாம். பாடுதான். வேகமாக அழுத்தினால் பொலிமரின் நீண்ட சங்கிலி அறுந்துபோகும். உப்பும் சூடும் அதை மீண்டும் இளக்கிவிடும். மேலே வந்தபின் எண்ணெயையும் நீரையும் பிரிப்பதும் சிக்கல். ஆனாலும் புது வயல் தேடி அலைவதைவிட, இருக்கும் இடம் தெரிந்த எண்ணெயை எடுப்பது புத்திசாலித்தனம். சீனாவின் தாச்சிங் வயலில் 1990களிலிருந்தே இந்தப் பொலிமர் முறை பெரிய அளவில் நடக்கிறது. நம் மன்னார்க் கடலில்? மங்களாவைக் கண்ட கெய்ர்ன் குழுமமே 2011இல் அங்கும் துளையிட்டது, கிடைத்தது எரிவாயு. அதை வெளியே எடுக்க இந்தக் கஞ்சி வேண்டியதில்லை.