சிறிய உடல், பெரிய விலை: லெக்ஸஸ் எல்பிஎக்ஸ் ஒரு வியாபாரிக்கு உகந்ததா?

வாகனச் சந்தையில் சொகுசு என்ற சொல்லுக்கு நீண்ட காலமாக ஒரே அர்த்தமே இருந்து வந்தது. பெரிய உடல், பெரிய இயந்திரம், அதற்கேற்ற பெரிய விலை என்பதே அந்த அர்த்தமாகும். சிறிய வாகனம் என்றால் அது சிக்கனத்துக்காக வாங்கப்படுவது என்றே எம்மில் பலரும் நினைத்து வந்தோம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த எண்ணம் மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. 2009 இல் பீஎம்டபிள்யூ நிறுவனத்தின் எக்ஸ்1, 2011 இல் அவுடியின் கியூ3 மற்றும் ரேஞ்ச் ரோவரின் ஈவோக், 2013 இல் மேர்சிடிஸ் பென்ஸின் ஜிஎல்ஏ என்று ஐரோப்பியக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய சொகுசு எஸ்யூவி ரகங்களை அறிமுகம் செய்தன. இந்த வரிசையில் ஜப்பானிலிருந்து வந்திருப்பதே லெக்ஸஸ் எல்பிஎக்ஸ்.

வாகனங்கள் மீது சிறு வயது முதலே எனக்கு ஈடுபாடு அதிகம். எனவே இதைப் பற்றி ஒரு இரசிகனாகவும், அதேவேளை கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் எழுத விரும்புகிறேன்.

லெக்ஸஸ் என்பது டொயோட்டா நிறுவனத்தின் சொகுசுப் பிரிவு என்பதை வாசகர்கள் அறிவர். 1989 இல் அமெரிக்கச் சந்தையை இலக்காகக் கொண்டே அது தொடங்கப்பட்டது. எமது நாட்டில் ஹரியர் என்ற பெயரைத் தெரியாத வாகனப் பிரியர் இருக்க முடியாது. 1997 இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த அந்த முதலாவது ஹரியரே வெளிநாடுகளில் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. 2013 இல் வந்த ஹரியரில் இருந்துதான் இரண்டும் வேறு வேறு வாகனங்களாகின. ஆகவே லெக்ஸஸ் எமக்கு அந்நியமான ஒன்றல்ல.

எல்பிஎக்ஸ் 2023 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் முதன்முதலாகக் காட்சிப்படுத்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இதன் நீளம் 4190 மில்லிமீற்றர், அகலம் 1825 மில்லிமீற்றர். திரும்புவதற்குத் தேவையான ஆரை 5.2 மீற்றர் மாத்திரமே. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் வாகனம் செலுத்துபவர்களுக்கு இதன் பெறுமதி நன்றாகப் புரியும்.

இதன் அடித்தளம் டொயோட்டா யாரிஸ் குரொஸ் வாகனத்தினுடையதே. அப்படியானால் பெயரை மாத்திரம் மாற்றி விலையைக் கூட்டியிருக்கிறார்களா என்ற கேள்வி எழுவது நியாயமானது. அது முழுமையான உண்மையல்ல. யாரிஸ் குரொஸை விட எல்பிஎக்ஸ் 60 மில்லிமீற்றர் அகலமானது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரமும் 20 மில்லிமீற்றர் கூடுதலாகும். உடலின் பாகங்களைப் பொருத்தும்போது ஒட்டுப் புள்ளிகள் நெருக்கமாக இடப்பட்டு, பசையும் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டுள்ளது. இதனால் உடல் இறுக்கமடைகிறது, கரடுமுரடான பாதையில் எழும் முனகல் குறைகிறது. மூன்று சிலிண்டர் இயந்திரங்களுக்கே உரிய அதிர்வைத் தணிக்க, இயந்திரத்தின் உள்ளே சமநிலைத் தண்டு ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது.

இயந்திரம் 1490 சீசீ கொள்ளளவு கொண்டது. ஹைபிரிட் மோட்டாருடன் சேர்த்து 136 குதிரை வலுவைத் தருகிறது. இதன் பற்றரியில் ஒரு புதுமை இருக்கிறது. 2021 இல் வந்த இரண்டாம் தலைமுறை அக்குவாவில் டொயோட்டா அறிமுகப்படுத்திய இருதுருவ நிக்கல் பற்றரி வகையே இங்கும் பயன்படுகிறது. சாதாரண பற்றரியில் ஒவ்வொரு கலத்துக்கும் நேர்முனையும் எதிர்முனையும் தனித்தனித் தகடுகளில் இருக்கும். இருதுருவ பற்றரியில் ஒரே தகட்டின் ஒரு பக்கம் நேர்முனை, மறுபக்கம் எதிர்முனை. மின்சாரம் செல்லும் பாதை குறுகி அகலமாவதால் தடை குறைகிறது. அதே அளவு இடத்தில் கூடுதல் வலு கிடைக்கிறது. ஹைபிரிட் வாகனம் ஒரு நெரிசலில் நின்று புறப்படும்போது உடனடி உந்துதல் தேவைப்படும் இடத்தில் இது கைகொடுக்கிறது.

அண்மையில் நண்பர் ஒருவர் தருவித்திருந்த எல்பிஎக்ஸ் ஒன்றைச் சாவகாசமாகப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கதவைச் சாத்தும்போது எழும் சத்தம், கைபடும் இடமெல்லாம் தோலும் தையலும், ஆசனம் உடலைப் பிடித்துக்கொள்ளும் விதம் எல்லாமே ஒரு பெரிய லெக்ஸஸை நினைவூட்டின. “நானா, முன்னால இருந்தா பென்ஸ், பின்னால இருந்தா அக்குவா” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இதன் சில்லிடைத் தூரம் 2580 மில்லிமீற்றர். எமது வீதிகளில் நிறைந்திருக்கும் ஹொண்டா வெசெல் வாகனத்தினுடையதோ 2610. எல்பிஎக்ஸின் விலை கூடுதலானாலும் பின் ஆசனத்தில் கால் நீட்ட வெசெலில்தான் வசதி அதிகம். வயதான பெற்றோரையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போகும் குடும்பத்துக்கு இது ஏற்ற வாகனமல்ல. சாரதியும் மனைவியும் முன்னால் அமர்ந்து செல்வதற்கென்றே இது உருவாக்கப்பட்டிருக்கிறது.

இனி விலைக்கு வருவோம். ஜப்பானில் அறிமுகமானபோது இதன் ஆரம்ப விலை 46 இலட்சம் யென். எமது நாட்டுக்கு வரும்போது அது எப்படிப் பல மடங்காகிறது என்பதை வியாபாரிகள் விளங்கிக்கொள்வது அவசியம்.

முதலாவது சுங்கத் தீர்வையும் அதன் மீதான மேலதிகக் கட்டணமும். இரண்டாவது உற்பத்தி வரி. இது இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. 1500 சீசீ ஒரு முக்கிய எல்லை என்பதால் 1490 சீசீ என்பது இறக்குமதியாளருக்குச் சாதகமே. மூன்றாவது சொகுசு வரி. 2025 ஜனவரியில் வாகன இறக்குமதியைத் திறப்பதற்காக வெளியிடப்பட்ட ஒழுங்குகளின்படி, பெற்றோல் ஹைபிரிட் வாகனத்துக்கு இறக்குமதிப் பெறுமதியில் 55 இலட்சம் ரூபா வரை இந்த வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கே வரி விதிக்கப்பட்டது. ஒரு வாகனத்தின் இறக்குமதிப் பெறுமதி 80 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், மேலதிகமான 25 இலட்சத்துக்குச் சொகுசு வரி உண்டு. சாதாரண வெசெலுக்கும் எல்பிஎக்ஸுக்கும் இடையில் விலை இடைவெளி எமது நாட்டில் இவ்வளவு விரிவதற்கு இதுவே பிரதான காரணம். கடைசியாகப் பெறுமதி சேர் வரி. இது வாகனத்தின் விலை மீது மாத்திரமன்றி, ஏனைய தீர்வைகளையும் சேர்த்த தொகையின் மேலேயே கணிக்கப்படுகிறது. வரிக்கு மேல் வரி என்பது இதுதான். இவ்விகிதங்கள் வர்த்தமானி மூலம் மாறக்கூடியவை என்பதால், ஓர்டர் கொடுக்கும் தினத்தில் சுங்க முகவரிடம் கணக்குக் கேட்பதே பாதுகாப்பானது.

எரிபொருள் மிச்சப்படுவதால் விலை ஈடாகிவிடும் என்று சில விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜப்பானியப் பரிசோதனையில் முன்சில்லு இயக்க எல்பிஎக்ஸ் லீற்றருக்கு 27.7 கிலோ மீற்றர் ஓடியது. எமது நெரிசலில் 18 கிடைப்பதாகக் கொள்வோம். வருடத்துக்கு 15,000 கிலோ மீற்றர் ஓடினால் சுமார் 833 லீற்றர் செலவாகும். லீற்றருக்கு 9 கிலோ மீற்றர் ஓடும் பழைய எஸ்யூவிக்கு சுமார் 1667 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் வருட மிச்சம் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். கோடிக்கணக்கான விலைக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

மாறாக, அதே பணத்தில் 50 இலட்சத்தை மாத்திரம் கடைக்குள் போட்டால் என்ன நடக்கும்? சரக்கு வருடத்துக்கு நான்கு தடவை விற்றுத் தீர்ந்து, ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு எட்டு வீதம் மிஞ்சினால், செலவுகள் போகு முன் 16 இலட்சம் ரூபா. இதைத்தான் வாகனம் வாங்கும் வியாபாரி ஒவ்வொரு வருடமும் கண்ணுக்குத் தெரியாமல் இழக்கிறார்.

கம்பனியின் பெயரில் வாங்கினால் வருமான வரியில் தேய்மானம் கழிக்கலாம் என்ற நம்பிக்கையும் எம்மவர்களிடையே பரவலாக உண்டு. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வீதியில் ஓடும் வாகனங்களில் வர்த்தக வாகனம், பஸ், சரக்கு வாகனம் போன்றவற்றுக்கே மூலதனக் கழிவை அனுமதித்தது. சொந்தப் பாவனைக்கான சொகுசு எஸ்யூவி அந்த வகைக்குள் அடங்காது. வாங்கிய பின்னர் கணக்காய்வாளரிடம் போவதை விட, வாங்கு முன்னர் போவது நல்லது.

இன்னொரு விடயமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை ஏறியதைப் பார்த்த பலர், வாகனமும் காணி போன்ற ஒரு முதலீடு என்று நம்பத் தொடங்கிவிட்டனர். அன்று விலை ஏறியதற்குக் காரணம் தட்டுப்பாடு. சாதாரண சந்தையில் வாகனம் தேயும் பொருளே. அதிலும் சொகுசு ரகங்களை வாங்குவோர் தொகை குறைவு என்பதால், அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் வெசெல் போல ஒரே வாரத்தில் கைமாறும் என எதிர்பார்க்க முடியாது.

அப்படியென்றால் எல்பிஎக்ஸை யாருமே வாங்கக் கூடாதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். வங்கிக் கடனும் கைமாற்றும் இல்லாத, ஆறு மாதக் கொள்வனவுக்கான பணம் தனியாக இருக்கின்ற, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒருவர் தன் உழைப்பின் பலனை அனுபவிக்க நினைத்தால், இதைவிடச் சிறப்பாகச் செய்யப்பட்ட சிறிய வாகனம் கிடைப்பது அரிது. அப்படியானவர் ஜப்பானில் பாவித்ததை வாங்குவதாயின் ஏலத்தில் வழங்கப்பட்ட தரத் தாளின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கி, மைல் மீற்றருடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உத்தரவாதத்தை யார் பொறுப்பேற்கிறார் என்பதையும், ஹைபிரிட் பற்றரி பழுதானால் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

லீசிங் எடுத்துத்தான் வாங்க வேண்டும், மாதத் தவணையைக் கடையின் கல்லாவிலிருந்துதான் கட்ட வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு எனது ஆலோசனை வேறு. அந்த முற்பணத்துக்கு ஒரு நல்ல லொறியை வாங்கிச் சரக்கை நேரத்துக்கு ஒப்படையுங்கள். லொறி உங்களுக்காக உழைக்கும். எல்பிஎக்ஸுக்காக நீங்கள் உழைக்க வேண்டியிருக்கும்.