மணமலர்களும் அவை மணக்கும் வேளையும்

வீட்டைச் சுற்றிச் சிறிதளவு நிலம் உடையவர்கள் பூஞ்செடி வைக்க விரும்பும்போது, பெரும்பாலும் பகற்பொழுதில் நர்சரிக்குச் சென்று, அங்கே பூத்து நிற்பவற்றுள் கண்ணுக்கு அழகானவற்றை வாங்கி வருகின்றனர். நிறத்தை விரும்புவோருக்கு இம்முறை போதுமானதே. மணத்தை நாடுவோருக்கு இது சற்றும் பொருந்தாது. நம் நாட்டில் மிகுந்த மணமுடையவை எனப் பெயர்பெற்ற செடிகளிற் பல, பகல் பதினொரு மணிக்கு மணப்பதே இல்லை. சில அவ்வேளையில் பூ ஒன்றுமின்றி வெறும் பச்சைப் புதராகவே காட்சியளிக்கும்.

இக்காலத்து நகர வீடுகளில் மூன்று அல்லது நான்கு செடிகளுக்கே இடமுண்டு. அவற்றுள் ஒன்று பொருந்தாததாக அமைந்துவிட்டால், அது தெரியவருவதற்கே இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடும். ஆகவே, மிகுந்த மணமுள்ள மலர் எது என்று வினவுவதற்கு முன், இவ்வீட்டிலுள்ளோர் எந்த வேளையில் தோட்டத்தில் இருப்பார்கள் என்பதை ஆராய்வது நலம். அதிகாலையில் எழுந்து உலவுவோருக்கு உகந்த செடி வேறு. அலுவல் முடிந்து மாலை ஏழு மணிக்குத் திண்ணையில் அமர்வோருக்கு உகந்தது வேறு.

மணம் எவ்வாறு பிறக்கிறது

மலரின் மணம் தனியொரு பொருளன்று; எளிதில் ஆவியாகும் பல ரசாயனப் பொருள்களின் கலவை. மல்லிகை இனங்களில் பென்சைல் அசிடேட், லினலூல் ஆகியவை முக்கியமானவை. அவற்றுடன் இண்டோல் என்னும் பொருளும் சிறிது கலந்துள்ளது. இண்டோல் செறிவுற்றால் சகிக்கமுடியாத நாற்றம் உடையது. மிகச் சிறிதளவில் அதுவே மல்லிகைக்குரிய கனத்த மணத்தைத் தருகிறது. ரோஜாவின் மணத்திற்குப் பினைல் எதைல் ஆல்கஹால், சிட்ரோனெல்லோல், ஜெரானியோல் ஆகியவை முதன்மையானவை.

இப்பொருள்கள் இதழ்களின் உயிரணுக்களில் உண்டாகின்றன. உண்டானவை தாமாகவே கசிந்து காற்றிற் கலக்கின்றன என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பெட்டூனியா மலரில் நடத்தி, 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. உயிரணுவின் சவ்விலுள்ள ஒரு புரதம் மணப்பொருள்களைச் சுமந்து வெளியே தள்ளுகிறது. அப்புரதம் குறைந்தால் மணமும் குறைகிறது. அதாவது மலர் தன் மணத்தை முயன்று செலவிடுகிறது. செலவிடுவது எவருக்காக? மகரந்தத்தைச் சுமந்து செல்லும் பூச்சிகளுக்காக. தேனீயை நம்பியிருக்கும் மலர் பகலில் மணக்கும். அந்துப்பூச்சியை நம்பியிருக்கும் மலர் அந்தி சாய்ந்த பின்னரே மணக்கும். இருளில் நிறத்தால் பயனில்லை. ஆதலின் இரவு மலர்களிற் பெரும்பாலானவை வெண்மையாக இருக்கின்றன. மகரந்தச் சேர்க்கை முடிந்தபின் மணத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் மலர்களும் உண்டு. பெட்டூனியா அவற்றுள் ஒன்று.

இங்கே தோட்டம் வைப்போருக்குப் பயன்படும் மற்றொரு வேறுபாடும் உள்ளது. மல்லிகையும் நிலச்சம்பங்கியும் செடியிலிருந்து பறித்த பின்னரும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர் இவ்விரு மலர்களையும் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளின்மேல் பரப்பி, அவை சிறிது சிறிதாக விடும் மணத்தைக் கொழுப்பில் ஏற்றி வந்ததற்கு இதுவே காரணம். ரோஜாவிடம் இத்தன்மை இல்லை. வெயில் ஏறஏற அதன் எண்ணெய் ஆவியாகிக் குறைந்துபோகும். அத்தர் வடிக்கும் கன்னோசியிலும் பிற இடங்களிலும் ரோஜாவை விடியற்காலையிலேயே பறித்து விடுகின்றனர். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ வரை மலர் தேவைப்படுவதால், ஒரு மணி நேரத் தாமதமும் அவர்களுக்கு நட்டமே. எனவே கூடத்தில் வைக்கவும் கூந்தலிற் சூடவும் பூ வேண்டுவோர் மல்லிகை இனத்தையோ சம்பங்கியையோ நாடுதல் வேண்டும். ரோஜாவின் மணத்தைச் செடியருகே, காலையில், பனி உலர்வதற்குள் அனுபவிப்பதே முறை.

மாலைக்கும் இரவிற்கும்

நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரே செடியைக் கூறவேண்டுமானால், அது குண்டுமல்லி என்பதில் ஐயமில்லை. கோடையில் மாலை மங்கும் நேரத்தில் மொட்டவிழத் தொடங்கி, இரவெல்லாம் மணக்கும். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தாவரம் ஒன்றே ஆயினும் மண்ணும் வெயிலும் மாற, மொட்டின் பருமனும் தடிப்பும் மாறும். இச்செடிக்கு வேண்டிய முதற்பொருள் வெயில். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் இலை தழைக்கும், பூ அரிதாகும். மரநிழலில் மல்லிகையை நட்டுவிட்டு உரத்தைக் குறைகூறுவோர் பலர்.

மல்லிகை ஓயும் பருவத்தில் முல்லையும் பிச்சியும் கைகொடுக்கும். இவ்விரண்டும் பந்தலோ கம்பியோ வேண்டுபவை. பிச்சி இரவில் மலர்ந்து விடியலிலும் மணம் குன்றாதிருப்பதால், காலை நேரத்தினருக்கும் உதவும்.

நிலச்சம்பங்கி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. கிழங்கை நட்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்குவதால், பொறுமையற்றோருக்கு இதைவிட நல்ல செடி இல்லை. இதில் ஓரடுக்கு, ஈரடுக்கு என இருவகை உண்டு. ஈரடுக்கு மலர் பூச்சாடிக்கு எடுப்பாக இருக்கும். மணத்திற்கு ஓரடுக்கே உயர்ந்தது. வாசனைத் தொழிலுக்கும் அதையே பயன்படுத்துகின்றனர். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'ச்ருங்கார்', 'பிரஜ்வல்' ஆகிய இரண்டும் ஓரடுக்கு வகைகளே.

இரவுராணியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த இப்புதர், பசுமை கலந்த வெண்ணிறக் குழல் மலர்களைக் கொத்துக்கொத்தாகத் தாங்கும். பகலில் ஒரு மலரைப் பறித்து முகர்ந்தாலும் ஒன்றும் தோன்றாது. இரவு எட்டு மணிக்கு மேல் அதன் மணம் தெருமுனை வரை எட்டும். இவ்வளவு வலிமைதான் இடையூறும் ஆகிறது. படுக்கையறைச் சன்னலை ஒட்டி இதை நட்டவர்கள், தலைவலி தாங்காது பூக்கும் வாரங்களில் சன்னலைச் சாத்திவைக்க நேர்கிறது. இச்செடியும், சிறப்பாக அதன் வெண்ணிறக் கனிகளும், நச்சுத்தன்மை உடையவை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது வேண்டாம் என்பதே என் கருத்து. வேண்டுமென்போர் மதிலோரத்தில், வீட்டிலிருந்து இருபது அடியேனும் தள்ளி நடுக.

டில்லியின் சாலைகளில் நிழலுக்காக நடப்பட்ட ஏழிலைப்பாலை மரங்களும் இதே பாடத்தைக் கற்பிக்கின்றன. அக்டோபர் மாதத்து இரவுகளில் அவை ஒருங்கே பூக்கும்போது சிலர் அதைக் குளிர்காலத்தின் வரவேற்பாகக் கொண்டாடுகின்றனர். வேறு சிலர் மூச்சுத் திணறுவதாக முறையிடுகின்றனர். சிறு வீட்டில் அம்மரத்திற்கு இடமே இல்லை. அதே பருவத்தில் பூக்கும் பவளமல்லியோ மென்மையான மணமுடையது. அந்தியில் மலர்ந்து, விடியலில் தானே உதிர்ந்து, தரையில் பவளக் காம்புகளோடு கிடக்கும். வங்காளத்தில் துர்க்கை பூசைக் காலத்தின் அடையாளமே இம்மலர்தான். விதையிலிருந்தே எளிதில் வளரும்.

ரோஜாவும் அதன் இழந்த மணமும்

ரோஜா வாங்குவோர் அடிக்கடி ஏமாறுகின்றனர். பெரிய மலர், நீண்ட காம்பு, பல நாள் வாடாத இதழ் ஆகியவற்றிற்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட பல வகைகளில் மணம் அறவே இல்லை. இதன் காரணத்தைப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2015ஆம் ஆண்டில் ஓரளவு விளக்கினர். மணமிக்க 'பாப்பா மெயான்' என்னும் ரோஜாவையும் மணமற்ற 'ரூஜ் மெயான்' என்னும் ரோஜாவையும் ஒப்பிட்டபோது, ஒரு குறிப்பிட்ட ஜீன் முன்னதில் மிகுதியாகவும் பின்னதில் மிகக் குறைவாகவும் செயற்படுவதைக் கண்டனர். அந்த ஜீன் உண்டாக்கும் என்சைமே ஜெரானியோல் தோன்றுவதற்கு வழி வகுக்கிறது. ஆகவே மணமற்ற வகையை எவ்வளவு உரமிட்டுப் பேணினாலும் அது மணக்கப் போவதில்லை.

சமவெளியில் பன்னீர் ரோஜா என வழங்கும் எட்வர்டு ரோஜாவே இன்றும் நம்பத்தக்கது. அதன் மலர் சிறியது. இதழ் விரைவில் உதிரும். கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைக்காது. குளிர்ந்த மலைப்பகுதியினர் டமாஸ்க் ரோஜாவை வைக்கலாம். இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரிலுள்ள விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் 'ஜ்வாலா', 'ஹிம்ரோஸ்' என்னும் வகைகளை அப்பகுதிகளுக்கென வெளியிட்டுள்ளது.

பசுமையான மலரும் மணக்கும் என்பதற்கு மனோரஞ்சிதம் சான்று. இலையிலிருந்து வேறுபடுத்திக் காண்பதே அரிதான அப்பூ, மஞ்சள் நிறமாக முதிரும்போது கனிந்த பழத்தின் வாசனையை வீசும். வெயில் குறைந்த மூலைக்கு ஏற்ற கொடி இது. சண்பகம் பெருமரமாகும், இடமுள்ளோர் ஒட்டுச்செடியாக வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும், விதைக்கன்று நெடுநாள் காக்க வைக்கும். தாழை சிறு தோட்டத்திற்கு உரியதன்று.

பெயரை நம்பி வாங்கலாகாது

பிற மாநிலங்களில் வசிக்கும் தமிழர்களும், வெளியூர் நர்சரிகளிலிருந்து செடி தருவிப்போரும் பெயர்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். மலையாளத்தில் 'முல்ல' என்றால் பெரும்பாலும் நம் மல்லிகை. நம் முல்லையை வேண்டுவோர் இந்தியில் 'ஜுஹி' என்று கேட்டல் வேண்டும். இந்தியில் 'சமேலி' என்பது நம் பிச்சி. கன்னடத்துச் 'சம்பிகெ' சம்பங்கியன்று, சண்பகம். நிலச்சம்பங்கிக்கு அங்கே 'சுகந்தராஜ' என்று பெயர். அதனையொத்து ஒலிக்கும் வங்காளத்துக் 'கந்தராஜ்' முற்றிலும் வேறான கார்டீனியாச் செடியாகும். மொழிபெயர்ப்பவனுக்கு இவை சுவையான செய்திகள். செடிக்குப் பணம் அனுப்புவோருக்கு நட்டம் தரக்கூடியவை. தாவரவியற் பெயரைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. அதனினும் பாதுகாப்பானது, பூக்கும் பருவத்தில், அச்செடி மணக்கும் வேளையிலேயே நேரில் சென்று முகர்ந்து பார்ப்பது.

செல்லும்போது குடும்பத்தினரையும் அழைத்துச் செல்க. எல்லோர் மூக்கும் ஒன்றுபோல் அறிவதில்லை. வயலட் மலரின் மணத்திற்குக் காரணமான பீட்டா-அயனோன் என்னும் பொருளைச் சிலர் நன்றாக உணர்கின்றனர். சிலருக்கு அது ஏறக்குறையத் தெரிவதேயில்லை. முகரும் நரம்புகளிலுள்ள ஒரு ஜீனின் வேறுபாடே இதற்குக் காரணம் என 2013ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. சண்பகப்பூவிலும் அயனோன்கள் உள்ளன. கணவருக்கு மயக்கமூட்டும் மணம் மனைவிக்கு எட்டாமற்போவது கற்பனையன்று.

நடும் இடம்

எந்த மணமும் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் புலப்படாமற் போகும். ஆதலின் எப்போதும் அமரும் நாற்காலிக்கு அருகில் செடியை வைப்பதைவிட, வாசலிலிருந்து கூடத்திற்கு வரும் வழியில் வைப்பது மேல். கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் மணம் புதிதாகத் தோன்றும். மாலையில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதைச் சில நாள் கவனித்து, அத்திசையில் நட்டால் மணம் வீட்டினுள் வரும். மூன்று வலிய மணங்களை ஒரே மூலையில் நெருக்கி நடுவது வீண்.

சாலையோர வீடுகளுக்கு மற்றொரு செய்தி. மோட்டார் வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஓசோனும் சேர்ந்து, இரவில் நைட்ரேட் ராடிகல் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. பகலில் சூரிய ஒளி அதைச் சிதைத்துவிடும். அமெரிக்காவில் அந்திமலர் ஒன்றைக் கொண்டு நடத்தி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்பொருள் மலரின் மணக்கூறுகள் சிலவற்றை அழிப்பதும், அதனால் அம்மலரை நாடிவரும் அந்துப்பூச்சிகளின் வருகை சுமார் 70 சதவீதம் குறைவதும் தெரியவந்தன. ஆகவே இரவு மலர்களைத் தெருப்பக்கத்தில் வைப்பதைவிடப் புழக்கடையிலோ முற்றத்திலோ வைப்பது நல்லதென்று தோன்றுகிறது.

ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் இடமுடையோர் குண்டுமல்லியைத் தேர்க. ஒன்றேகால் அடி அகலமுள்ள மண்தொட்டி, அடியில் நீர் வடிய ஓட்டை, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்த கலவை, மாடியில் முழு வெயில் ஆகியவை போதும். தென்னாட்டில் நவம்பர் மாதக் கடைசியில் தரைமட்டத்திலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்து, காய்ந்த கிளைகளையும் இலைகளையும் நீக்கி, எருவிட்டு நீர் பாய்ச்சினால், மார்ச் மாதத்தில் புதுத்தளிரின் நுனிகளில் மொட்டுகள் கட்டத் தொடங்கும்.